பன்னிரண்டாம் வளைவு

சங்கரசுப்பு டேப்பின் நுனியைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார். மகள் மாரிசெல்வி தாழ்வாரத்தின் விளிம்பில் நின்று எண்ணைப் படித்தாள்.

“ரெண்டு நாப்பத்தி நாலு.”

“எட்டு அடி” என்றார் அவர்.

அடுத்த வளைவு. மறுபடியும் நுனி, மறுபடியும் எண்.

“ரெண்டு நாப்பத்தி ஆறு.”

“அதுவும் எட்டு அடிதான். கட்டினவன் அடியில கட்டிருக்கான். நீ எதுக்குட்டி மீட்டர்ல மல்லுக்கட்டுதே?”

“ரெண்டு சென்டிமீட்டர் கூடுதுப்பா. வெளித்தூணு சாஞ்சிருக்கு.”

“நூத்திப் பன்னெண்டு வருசமா நிக்கவன் ரெண்டு சென்டிமீட்டர் சாயக் கூடாதாக்கும்? அறுபத்தொம்பது வயசுல நான் எவ்வளவு சாஞ்சிருக்கேன்னு அளந்து பாரு.”

அது ஆனி மாதத்து நான்காம் ஞாயிறு, காலை எட்டு மணி. பன்னிரண்டு வளைவையும் அளந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். அடுத்த மூன்று வாரத்துக்குள் அவர் போய்விட்டார். அது தெரியாததால் கடைசி மூன்று வளைவுகளை அவள் அவசரமாக அளந்தாள். டீ குடிக்கப் போகவேண்டும் போல் இருந்தது.

ஊரில் அந்தக் கட்டடத்துக்குப் பெயர் துரைசாணி ஆஸ்பத்திரி. சங்கரன்கோவில் ரதவீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. முகப்புக் கல்லில் 1913 என்பது மட்டும் தெரியும். அதற்குக் கீழே வெட்டியிருந்த வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர் தேய்ந்துவிட்டது. அந்தத் துரைசாணி பிள்ளைப்பேற்றில் செத்துப்போனவள் என்று சிலர் சொல்வார்கள். இல்லை, சமையற்காரனோடு கப்பலேறிவிட்டாள் என்று சிலர் சொல்வார்கள். யார் எந்தக் கதையைச் சொல்கிறார்கள் என்பது அவர்கள் எந்த வளைவுக்காரர்கள் என்பதைப் பொறுத்தது.

வளைவுக்காரர்கள் என்றால் இப்படி. பஸ் இல்லாத காலத்தில் சுற்றுவட்டக் கரிசல் ஊர்களிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களைப் பத்து நாளைக்கு முன்பே வண்டி கட்டிக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். கூட வந்தவர்கள் முன்தாழ்வாரத்தில் அடுப்பு மூட்டித் தங்குவார்கள். தாழ்வாரத்தில் பன்னிரண்டு வளைவுகள். ஒவ்வோர் ஊரும் ஒரு வளைவைப் பிடித்துக்கொண்டது. பனவடலிசத்திரத்துக்கு மூன்றாவது. வாசுதேவநல்லூர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஏழாவது. மேற்குக் கடைசியில் இருக்கும் பன்னிரண்டாவது, இளையரசனேந்தலுக்கு. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் மாறி உட்கார்ந்ததுமில்லை. ஆஸ்பத்திரி வேறு இடத்துக்குப் போன பிறகும் வளைவு போகவில்லை. ஆடி மாதக் கோயில் திருவிழாவான ஆடித்தபசுக்கு வருகிறவர்கள் இரண்டு நாள் முன்பே வந்து அவரவர் வளைவில் பாயை விரித்துவிடுவார்கள். வளைவுக்கு முப்பது நாற்பது பேர். மொட்டை மாடியில் அதற்கு மேல். பெண் பார்க்கப் போன இடத்தில், “நீங்க எத்தனாவது வளைவு?” என்று கேட்டுச் சொந்தம் கண்டுபிடித்த கதைகள் உண்டு.

சங்கரசுப்பு பிறந்ததும் அங்கேதான். 1956இல், கிழக்கிலிருந்து நான்காவது அறையில். இருபத்தாறு வயதில் அதே ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் ஆனார். ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, வெந்நீர் போடுவது, வெளியே காத்திருப்பவர்களுக்குச் சேதி சொல்வது, இவைதான் வேலை. மூன்றாவதைத்தான் அவர் தன் உத்தியோகமாக நினைத்தார். மற்ற உதவியாளர்கள் கதவைத் திறந்து, “இன்னார் ஆள் யாரு? பொம்பளைப் பிள்ளை” என்று கத்திவிட்டு உள்ளே போவார்கள். இவர் அந்த வளைவுக்கே நடந்து போய்ச் சொல்லுவார். நல்ல சேதியென்றால் நின்றபடி. கெட்ட சேதியென்றால் அவர்களோடு தரையில் உட்கார்ந்து. நாளடைவில் அவர் முட்டி மடங்கினாலே பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். “உம்ம கால்தான்வே எமன் வாகனம்” என்று ஒருவர் சொன்னதை வீட்டில் வந்து சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

1998இல் ஆஸ்பத்திரி புதுக் கட்டடத்துக்குப் போனது. இவரும் கூடப் போனார். பழைய கட்டடத்தின் சாவி மட்டும் இவர் இடுப்பில் நின்றுவிட்டது. கேட்டு வாங்க யாரும் வரவில்லை.

2006இல் அதிகாரிகள் வந்தார்கள். கையில் ஒரு தாள் இருந்தது. கட்டடம் பழுதடைந்தது, இடிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. பின்னாலேயே மண் அள்ளும் இயந்திரம் நின்றது. சங்கரசுப்பு சாவியைத் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. மரியாதையாகக் கொடுத்துவிட்டு, டெலிபோன் பூத்துக்குப் போய்ப் பன்னிரண்டு ஊருக்கும் பேசினார். மறுநாள் விடிவதற்குள் கைக்குழந்தைகளோடு பெண்கள் வந்து இறங்கி, அவரவர் வளைவில் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்று நாள். இயந்திரக்காரன் முதல் நாள் மத்தியானமே ஏழாவது வளைவில் சோறு வாங்கித் தின்றான். நான்காம் நாள் இயந்திரம் திரும்பிப் போனது.

ஆனால் தாளில் இருந்த சொல் போகவில்லை. பழுது. அது சங்கரசுப்புவை அரித்தது.

“இனி ஒருத்தனுக்கும் பழுதுன்னு சொல்ல வாய் வரக்கூடாது” என்றார். அடுத்த மூன்று வருசம் ஊர் ஊராய்ப் பேசினார். 2009இல் பன்னிரண்டு ஊரும் சேர்ந்து அந்தக் கட்டடத்துக்குச் சிமெண்ட் பூசின. உதிர்ந்துகொண்டிருந்த பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, உள்ளும் புறமும் சிமெண்ட். அதற்கு மேல் இடுப்பு உயரத்துக்கு எனாமல் பெயிண்ட். சிமெண்டும் மணலும் கொடுத்தது எதிரே இரும்புக்கடை வைத்திருக்கும் முகம்மது அப்சல். அவரும் அங்கே பிறந்தவர்தான்.

பன்னிரண்டாம் வளைவுக்கு மட்டும் இரட்டைப் பூச்சு. அது இளையரசனேந்தல் ஆறுமுகத்தாய் கேட்டது. அவள் மகள் பூமாரி அங்கே பிறந்தவள். சேதியைச் சங்கரசுப்புதான் நின்றபடி போய்ச் சொன்னார். பூமாரி இருபத்து நான்கு வயதில் காய்ச்சலில் செத்துப்போனாள். அந்த இரட்டைப் பூச்சுக்கு நாற்பது மூட்டை சிமெண்டைத் தன் செலவில் இறக்கினாள் ஆறுமுகத்தாய். பூச்சு காய்ந்ததும் சுவரில் மகள் பெயரைப் பச்சைப் பெயிண்டில் எழுதச் சொன்னாள். தபசுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பெயருக்குக் கீழேதான் தலை வைத்துப் படுப்பாள்.

மாரிசெல்வி அப்போது சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் வருசம். விடுமுறைக்கு வந்திருந்தாள். “எத்தனை நாளுட்டி தண்ணி விடணும்?” என்று கேட்டார் அப்பா. பாடப்புத்தகத்தில் இருந்ததைச் சொன்னாள். பதினாலு நாள். அவர் டியூட்டிக்கு முன்னும் பின்னும் போய், பதினாலு நாளும் பைப்பைப் பிடித்துச் சுவரை நனைத்தார். ஒரு நாள் கூடத் தவறவில்லை. மகள் சொன்ன முதல் இன்ஜினியர் வேலை அல்லவா.

இந்த வருசம் ஆனி மாதத்தில் பன்னிரண்டாம் வளைவில் ஒரு பலகை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஆள் இல்லாத நேரம். அப்பா போன் பண்ணினார். மாரிசெல்வி கோயம்புத்தூரில் பழைய கட்டடங்களின் பலம் பார்த்துச் சொல்லும் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். அந்த வாரமே சனிக்கிழமை வந்தாள். ஏணி போட்டு ஏறினாள். கையில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் மட்டும்தான்.

தாழ்வாரத்தின் கூரை பழைய வகை. தேக்குக் கட்டைகளை வரிசையாகச் சுவரில் செருகி, அதன் மேல் செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பு போட்டது. ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நாலரை அங்குலம் போயிருக்கும். அவள் கட்டையின் ஓரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினாள். முதல் வளைவில் அது ஏறவே இல்லை. ஐந்தாவதில் நகக்கண் அளவு. ஒன்பதாவதில் ஒன்றரை அங்குலம். பன்னிரண்டாவதில் அழுத்த வேண்டியதே இல்லை. ஈரமான கேக்கில் போவதுபோல் மூன்றரை அங்குலம் போனது. மிச்சம் ஒரு அங்குலத்தில்தான் அந்தக் கூரை உட்கார்ந்திருந்தது.

கீழே இறங்கினாள். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சுண்ணாம்புச் சுவரு கீழேருந்து ஈரத்த உறிஞ்சும்ப்பா. அப்பொறம் வெளிய விட்டுரும். மேல சிமெண்ட் பூசிட்டா விட வழி கிடையாது. ஈரம் மேல மேல ஏறும். ஏறி, கட்டை நுனியில போயி நின்னுருச்சு.”

“எவ்வளவு நாளா?”

“பதினாறு வருசமா.”

அவர் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“நான்தானே?”

“ஆமா” என்றாள்.

கேட்ட கேள்விக்குப் பதில். தொழில் பழக்கம். அந்தக் காலத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள் என்று சேர்த்திருக்கலாம். பதினாலு நாள் நனைக்கச் சொன்னது நான் என்று சேர்த்திருக்கலாம். இரண்டையும் சேர்க்கவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையில், எட்டு அடி என்று சிரித்துக்கொண்டு டேப்பைப் பிடித்தபோது, மனிதர் தேறிவிட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

டீ குடித்தபடி அப்சலின் கடையில்தான் அதைப் பேசினார்கள்.

“எழுதிக் கொடுத்துரலாம். அதுதான் முறை” என்றாள் மாரிசெல்வி. “தாழ்வாரத்த மூடணும். முட்டுக் கொடுக்கணும். கட்டைய மாத்தி, சிமெண்ட கொத்தி எடுத்துட்டு, திரும்பச் சுண்ணாம்பு பூசினா இன்னும் நூறு வருசம் நிக்கும்.”

“நீ அவ்வளவும் எழுதுவே. அவன் முத வரிய மட்டும் வாசிச்சிட்டு இயந்திரத்த அனுப்புவான்” என்றார் சங்கரசுப்பு.

“எழுதாம விட்டா?”

“தபசு வருதுல்ல அண்ணாச்சி” என்றார் அப்சல். “போன வருசம் மாடியில மட்டும் இருநூறு பேரு. நான் கடையில இருந்து எண்ணினேன். ஒரு பய கீழ இறங்க மாட்டேங்கான்.”

எதிரே தாழ்வாரத்தில் யாரோ உளுந்து காயப்போட்டிருந்தார்கள்.

மாரிசெல்வி எழுதினாள். இரண்டு பக்கம். முதல் வரியில் இடிக்கத் தேவையில்லை என்றும், இரண்டாம் வரியில் உடனே மூடவேண்டும் என்றும். கட்டடத்தை வைத்திருக்கும் அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கினாள். நான்கு நாளில் பதில் வந்தது. திருவிழா முடிந்தபின் ஆய்வு செய்யப்படும்; அதுவரை யாரும் எந்த வேலையும் செய்யக்கூடாது. அந்தத் தாளைப் பார்த்தபிறகு முட்டுக் கொடுக்க எந்தக் காண்டிராக்டரும் வரவில்லை. தாழ்வாரத்தின் இரண்டு முனையிலும் அலுவலகத்தார் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நாடாவைக் கட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் அதில் ஒரு நைட்டியும் இரண்டு துண்டும் காய்ந்தன.

“நாடாவெல்லாம் நிக்காது” என்றார் சங்கரசுப்பு போனில். “நான் போயிச் சொல்லுதேன்.”

“போன் பண்ணிச் சொல்லலாம்லாப்பா.”

“அவங்க வளைவுல அவங்கள உக்காராதேன்னு போன்ல சொல்லுததா? வெத்தலை பாக்கு வச்சுச் சொல்லணும்.”

அப்படியே செய்தார். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் ஊர் ஊராகப் பஸ்ஸில் போய், வீட்டுக்கு வீடு வெற்றிலை பாக்கு வைத்து, இந்த வருசம் வராதீர்கள் என்று சொன்னார். தங்குவதற்கு அப்சல் தன் இரும்புச் சரக்கு வைக்கும் செட்டைக் காலி செய்து தருகிறேன் என்றார். தினமும் சாயங்காலம் மகளுக்குப் போன் வரும்.

“பனவடலிசத்திரம் முடிஞ்சுது. சண்முகையா என்ன சொன்னான் தெரியுமா? வராதேன்னு சொல்ல வெத்தலை தூக்கிட்டு வந்த மொத ஆளு நீருதான்வேங்கான்.”

“சரின்னாரா?”

“சரின்னுட்டான். ஆனா ஒண்ணு சொல்லுதான். பன்னெண்டும் ஒதுங்குச்சுன்னா நாங்களும் ஒதுங்குதோம். ஒரு வளைவுல ஆள் உக்காந்தாலும் எங்க வளைவுல நாங்க உக்காருவோங்கான்.”

போன ஊரிலெல்லாம் அதே பேச்சுதான். விட்டுக்கொடுத்த வளைவைத் திரும்பப் பிடிக்க முடியாது என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பத்து நாளில் பதினோரு ஊர் முடிந்தது. பதினொன்றிலும் அவர் தரையில் உட்கார்ந்துதான் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வோர் ஊரிலும் சிமெண்ட் பூச வைத்தது நான்தான் என்று தொடங்கியிருக்கிறார். மகள் பெயர் எங்கேயும் வரவில்லை.

இளையரசனேந்தல் மட்டும் மிச்சம்.

“போனியாப்பா?”

“பஸ்ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பஸ் இல்லை.”

அடுத்த நாளும் பஸ் இல்லை. அதற்கு அடுத்த நாள் வயிறு சரியில்லை. மாரிசெல்விக்குப் புரிந்தது. பெயர்ந்து விழுந்த பூச்சுக்கு ஒரு சாண் தள்ளித்தான் அந்தப் பச்சைப் பெயர் இருக்கிறது. கொத்தி எடுக்க வேண்டிய சிமெண்டில் முதலில் போகப்போவது அதுதான். உன் மகள் பெயரில் நீ பூசியதுதான் கூரையை அரித்தது என்று ஆறுமுகத்தாயிடம் போய்ச் சொல்லவேண்டும். முப்பது வருசம் கெட்ட சேதி சொன்ன மனிதருக்கு அந்த ஒரு சேதிக்குக் கால் எழவில்லை.

“நான் வேணா வாரேம்ப்பா. சேர்ந்து போவோம்.”

“வேண்டாம். உன் லீவ எதுக்குக் கெடுக்கே. நாளைக்குப் போயிருதேன்.”

அவள் வற்புறுத்தவில்லை. அன்றைக்கு ஒரு வேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஏழரைக்கு அப்சல் போன் பண்ணினார்.

“செல்வி, கிளம்பி வா தாயி. அண்ணாச்சி பஸ்ஸ்டாண்டுல பெஞ்சுல உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு. இளையரசனேந்தல் வண்டி முன்னாலதான் நின்னிருக்கு. கண்டக்டர் வாரீயளா அண்ணாச்சின்னு ரெண்டு தடவ கேட்டிருக்கான்.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களா மாமா?”

“போனோம்” என்றார் அப்சல்.

அப்பாவின் மடியில் ஒரு மஞ்சள் பை இருந்திருக்கிறது. வெற்றிலை, பாக்கு. அதோடு செய்தித்தாளில் சுற்றிய ஒரு மரத்துண்டு. ஏணி போட்டு ஏறிப் பன்னிரண்டாம் வளைவிலிருந்து அவரே பிய்த்து எடுத்திருக்கிறார். கையால் பிய்க்கிற நிலையில் இருந்திருக்கிறது. சொல்ல வராததைக் காட்டிவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு ஊரும் சாவுக்கு வந்தன. ஆறுமுகத்தாய் லோடு ஆட்டோவில் முப்பது பேரோடு வந்து இறங்கினாள். எழுபது வயதிருக்கும், நெடுநெடுவென்று இருப்பாள். வாசலில் நின்று ஒப்பாரி வைத்துவிட்டு உள்ளே வந்து மாரிசெல்வியின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

“எங்க பூமாரி பொறந்தத வந்து சொன்ன வாயி மக்கா அது.”

மாரிசெல்வி அப்படியே இருந்தாள். அந்த வயிற்றுக்குள்ளிருந்துதான் பூமாரி வந்தாள் என்பது நினைவுக்கு வந்தது. அப்புறம், “பெரியம்மா, அந்தக் கட்டடத்துல” என்று ஆரம்பித்தாள்.

“கட்டடத்த நாங்க பாத்துக்கிடுதோம். நீ அழு.”

போகும்போது கூடத்தில் எல்லோரும் கேட்க ஆறுமுகத்தாய் சொன்னாள். இந்தத் தபசுக்கு எப்போதும் வருகிற நாற்பது பேர் இல்லை, நூறு பேர் வருகிறோம். பன்னிரண்டாம் வளைவில் அடுப்பு மூட்டி, சங்கரசுப்பு பெயரில் மூன்று நாளும் சோறு போடுகிறோம். அவர் பெயரைப் பூமாரி பெயருக்குப் பக்கத்தில் எழுதுகிறோம். பூச்சு பெயர்ந்திருக்கிறதாமே, அதற்கும் இரண்டு மூட்டை வாங்கி வைத்தாகிவிட்டது.

கூடத்தில் பதினோரு ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை மாரிசெல்வி பார்த்தாள்.

நான்காம் நாள் கோயிலில் கொடியேறியது. அன்றைக்கே பனவடலிசத்திரத்துச் சண்முகையா போன் பண்ணினார்.

“தப்பா நெனைக்காதம்மா. இளையரசனேந்தல் வருதாவளாமே?”

“இல்லை அண்ணாச்சி. யாரும் அங்கன உக்காரக் கூடாது. அப்பா உங்ககிட்ட சொன்னாருல்லா.”

“சொன்னாரு. நாங்க மறுக்கலையே. ஆனா அந்த ஊரு உக்காந்து சோறு போடுமாம், நாங்க இரும்பு செட்டுல ஒண்டிக்கிடணுமாம். எங்க ஊரு வாலிபப் பயலுவ கேக்க மாட்டானுவம்மா. மூணாவது வளைவு மூணாவது வளைவுதான்.”

அவள் போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். வேண்டாமென்று நினைத்தாலும் மூளை போடும். கூரையின் சொந்தப் பாரம், மாடியில் இருநூறு பேர், மிச்சமிருக்கும் ஓர் அங்குலம். கீழே நூறு பேரும் அடுப்பும். மழை பெய்தால் எல்லோரும் சுவரோரம் ஒண்டுவார்கள். கட்டை நுனிக்கு நேர் கீழே.

அலுவலகத்துக்கு மறுபடியும் போனாள். நாடா கட்டியிருக்கிறோமே அம்மா என்றார்கள். காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்தாள். தேர் பந்தோபஸ்துக்கே ஆள் போதவில்லை, ரெண்டு பேரை நிறுத்தப் பார்க்கிறோம் என்றார் எழுத்தர். பார்க்கிறோம் என்பதை எழுதித் தரவில்லை.

அன்று மத்தியானம் ஆறுமுகத்தாய்க்கே போன் பண்ணினாள். அப்பா கூடாதென்று சொன்ன முறையில், போனிலேயே.

“பெரியம்மா, இந்த வருசம் அங்கன தங்க வேண்டாம். கூரை விழுந்துரும்.”

அந்தப் பக்கம் ஆட்டுச் சத்தம் கேட்டது. யாரையோ அதட்டிவிட்டு ஆறுமுகத்தாய் பேசினாள்.

“எங்க மேல என்ன விழும் மக்கா? அவ பேரு இருக்கு அங்கன.”

“பேரு இருக்க எடத்துலதான் பெரியம்மா. நான் நேர்ல வந்து காட்டுதேன்.”

“பதினாறு கழியாம நீ எங்க வாசலுக்கு வரப்பிடாது. துக்கத்த எடுத்துட்டு வந்து ஊருக்குள்ள எறக்கிட்டான்னு பேசுவாவ. நாங்கதான் வாரோம்லா. அங்கன வச்சு, வளைவுல உக்காந்து பேசுவோம்.”

பதினாறாம் நாள் தபசுக்கு இரண்டு நாள் கழித்து வந்தது.

அம்மா கனகலட்சுமி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“போப்போறியா?”

“போகணும்மா.”

“அவரு சாம்பல் ஆறலை. தீட்டோட அடுத்தவ வாசல்ல போயி நின்னா அவ கதவத் தொறக்க மாட்டா. தொறந்தாலும் நீ சொல்லுதது அவ காதுல ஏறாது. ஊரே உன்னைத்தான் பாக்கும், நீ கொண்டுபோனதப் பாக்காது.”

“பதினாறு வரைக்கும் கட்டை இருக்காதும்மா.”

“அந்த மனுசன் இருந்தப்போவே நீ கூடப் போயிருக்கணும்” என்றாள் அம்மா. சொன்ன பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா சொன்னதை மாரிசெல்வி மனசுக்குள் அளந்து பார்த்தாள். அது சரியான அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மறுநாள் ஆறு மணிக்கு எழுந்தாள். பஸ்ஸ்டாண்டிலிருந்து வந்த மஞ்சள் பை அப்பாவின் சட்டைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. வெற்றிலை சருகாகிவிட்டது. துக்க வீட்டிலிருந்து புது வெற்றிலை கொண்டுபோக முடியாது. செய்தித்தாளைப் பிரித்துப் பார்த்தாள். மரத்துண்டு காய்ந்து இலேசாகிவிட்டிருந்தது; விரலால் நசுக்கினால் தூளாகும்போல் இருந்தது. திரும்பச் சுற்றி வைத்தாள்.

கோயில் பக்கம் ஒலிபெருக்கி பாடத் தொடங்கியிருந்தது. தெருவில் முளைப்பாரிக்குப் பெண்கள் மண் எடுத்துக்கொண்டு போனார்கள். தபசுக்கு இன்னும் ஒன்பது நாள். ஊர்கள் வந்து இறங்க ஏழு நாள். இளையரசனேந்தல் வண்டி ஆறு நாற்பதுக்கு. ஆறுமுகத்தாயிடம் போய், தரையில் உட்கார்ந்து, அதைச் சொல்ல இன்னும் ஆள் போகவில்லை.